எந்தப் பதவியிலிருந்து விலகுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்திருந்தபோது பேச்சு அரசியல் பக்கம் போனது. 2023-ல் அங்கே நாடாளுமன்ற நாயகரும் ஒரு பெண் உறுப்பினரும் தகாத உறவுக்காக ஒரே நாளில் பதவி விலகினார்களாம். அதே வாரம் எதிர்க்கட்சியிலும் இரண்டு பேர். "அங்கே மாட்டினால் மறுநாளே வீட்டுக்குப் போகவேண்டியதுதான், இங்கே மாட்டினால் மாலை போடுவீர்கள்" என்றான்.

எனக்கு இரண்டு பக்கமும் சந்தேகம். வயது வந்த இருவர் மனமொத்துப் பழகியதற்கு, மக்கள் கொடுத்த பதவியை ஏன் விடவேண்டும்? அது அவரவர் வீட்டுச் சமாச்சாரம் இல்லையா? அதே சமயம் இங்கே எவ்வளவு கடுமையான புகார் வந்தாலும் எம்.எல்.ஏ., எம்.பி. பதவியை யாரும் விடுவதாகத் தெரியவில்லை. கட்சியிலிருந்து நீக்கினாலும் சபையில் உட்கார்ந்திருக்கிறார்களே, எப்படி?

இன்னொன்று. எங்கள் பகுதி மக்கள் பிரதிநிதியுடையது என்று ஒரு வீடியோ தெரு வாட்ஸாப் குழுவில் வந்திருக்கிறது. பரப்பினால்தான் ஆள் விலகுவார் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

க. செல்வகுமார்
திருச்சி

அன்புள்ள செல்வகுமார்,

தம்பி சொன்னதில் "மறுநாளே" என்ற ஒரு சொல் மட்டும் பொருந்தவில்லை. விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

சபாநாயகர் (அங்கே நாயகர் என்பார்கள்) டான் சுவான்-ஜின், உறுப்பினர் செங் லி ஹுய் இருவரும் விலகியதை அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தது 2023 ஜூலை 17-ல். உறவு பற்றி 2020 நவம்பரிலேயே தனக்குத் தெரியவந்தது, இருவரிடமும் நிறுத்தச் சொல்லியாயிற்று என்று அவரே சொன்னார். 2023 பிப்ரவரியில் மறுபடி அழைத்துப் பேசியபோது டான் தவறை ஒப்புக்கொண்டு ராஜினாமா தர முன்வந்தார். பிரதமரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் தொகுதி மக்களைக் கவனிக்க மாற்று ஏற்பாடு செய்த பிறகு போகலாம் என்று நிறுத்தி வைத்தார். அதன் பிறகும் உறவு தொடர்வதாகத் தகவல் வந்ததும்தான் உடனடியாக வெளியே. ஏற்றுக்கொண்ட ராஜினாமா நடைமுறைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும் என்று லீயும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அந்த ஐந்து மாதத்தில் டான் உட்கார்ந்திருந்த நாற்காலி எது என்று பாருங்கள். சபாநாயகர் நாற்காலி. ஒன்றரை மணி நேரக் கேள்வி நேரத்தில் துணைக்கேள்விக்குக் கை தூக்குகிறவர்களில் யாரை அழைப்பது, யாரை உட்காரச் சொல்வது, யாருடைய பேச்சு வரம்பு மீறியது என்பதெல்லாம் அவர் தீர்மானிப்பது. அழைக்கப்படக் காத்திருக்கும் பின்வரிசை உறுப்பினர்களில் செங்கும் ஒருவர். டான் எள்ளளவும் பாரபட்சம் காட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவருக்கு அதை எப்படி நிரூபிப்பார்? நீதிபதிக்குத் தெரிந்தவர் வழக்கு வந்தால் அந்த வழக்கிலிருந்து மட்டும் ஒதுங்கிக்கொள்ள முடியும். சபாநாயகர் ஓர் உறுப்பினரிடமிருந்து மட்டும் எப்படி ஒதுங்குவார்?

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: மனமொத்த உறவு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் மக்கள் தந்த இடத்தை விட வேண்டியதில்லை. அதை அடுத்த தேர்தலில் வாக்காளர் பார்த்துக்கொள்வார். ஆனால் உறவில் இருப்பவர்மேல் அதிகாரம் செலுத்தும் நாற்காலியில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது. டான் 2020-லேயே நாயகர் பதவியை விட்டிருந்தால், எம்.பி.யாக அவர் தொடர்ந்ததில் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. நடந்தது தலைகீழ். விடவேண்டிய பதவியை இரண்டரை ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டு, கடைசியில் இரண்டையும் சேர்த்து விட்டார்.

பொய் சொன்னால் கணக்கு வேறு. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியில் எம்.பி. லியோன் பெரேராவும் கட்சி நிர்வாகி நிக்கோல் சியாவும் விலகியது இந்த வகை. பெரேராவின் ஓட்டுநர் 2021 தொடக்கத்திலேயே கட்சித் தலைமைக்குத் தகவல் சொன்னார். கேட்டபோது இருவரும் மறுத்தார்கள். 2023 ஜூலையில் வீடியோ வெளிவந்த பிறகு மறுக்க முடியவில்லை. கட்சிப் பொதுச்செயலாளர் பிரித்தம் சிங் அந்த மறுப்பைத்தான் முன்னால் வைத்துப் பேசினார். 1963-ல் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபூமோவைக் கவிழ்த்ததும் அதுதான். ஓர் இளம்பெண்ணோடு தகாத உறவு இல்லை என்று மார்ச் 22 அன்று சபையில் எழுந்து நின்று மறுத்தார், ஜூன் 5-ல் சபையிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு விலகினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு சோவியத் கடற்படை அதிகாரியோடும் பழக்கம் என்பது அந்தப் பொய்யை இன்னும் கனமாக்கியது.

இனி தம்பி கவனிக்காத பகுதி. விலகிய மறுநாள் தொகுதி என்னவாகிறது?

2012 டிசம்பர் 12-ல் அதே சிங்கப்பூரில் அப்போதைய நாயகர் மைக்கல் பால்மரும் விலகினார். உறவு, மக்கள் கழகம் என்ற அரசு அமைப்பின் ஊழியர் ஒருவருடன். அந்தப் பெண்ணும் வேலையை விட்டார் (இது எப்போதும் செய்தியின் கடைசி வரியில்தான் வரும்). பால்மரின் பொங்கோல் ஈஸ்ட் தனித்தொகுதி, அதாவது ஒரே உறுப்பினர் கொண்டது (நம் ஊர் ரிசர்வ் தொகுதி அல்ல). 2013 ஜனவரி 26-ல் இடைத்தேர்தல் வந்தது. ஆளும் மக்கள் செயல் கட்சி தோற்றது, பாட்டாளிக் கட்சியின் லீ லி லியான் ஜெயித்தார்.

பத்து வருடம் கழித்து விலகிய டான், செங், பெரேரா மூவரும் குழுத்தொகுதி உறுப்பினர்கள், அதாவது பலர் ஓர் அணியாக நின்று வெல்லும் தொகுதி. குழுத்தொகுதியில் அணியில் உள்ள அனைவரும் விலகினால்தான் இடைத்தேர்தல். ஒருவர் போனால் மீதிப்பேர் வேலையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மரின் பரேட், தெம்பனிஸ், அல்ஜுனிட் மூன்றிலும் அதுதான் நடந்தது. காலியான இடங்கள் 2025 மே 3 பொதுத்தேர்தல் வரை, ஏறக்குறைய 21 மாதம், காலியாகவே கிடந்தன. பால்மர் போனதற்கு அவர் கட்சி ஓர் இடத்தைக் கொடுத்தது. 2023-ல் எந்தக் கட்சியும் வாக்காளர் முன்னால் போய் நிற்கவேண்டி வரவில்லை. அங்கே விலகச் சொல்வது எளிதாக இருப்பதற்கு ஒழுக்கம் ஒரு காரணம் என்றால் குழுத்தொகுதிச் சட்டம் இன்னொரு காரணம்.

தனித்தொகுதியிலும் இடைத்தேர்தல் தானாக வந்துவிடாது. 2012 பிப்ரவரியில் ஹவ்காங் உறுப்பினர் யாவ் ஷின் லியோங்கைப் பாட்டாளிக் கட்சி நீக்கியது. தனிவாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு அவர் ஊடகத்துக்கும் பதில் சொல்லவில்லை, கட்சிக்கும் சொல்லவில்லை. தேர்தலில் நிறுத்திய கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் அங்கே இடமும் போய்விடும், அரசியலமைப்பின் 46-ஆவது பிரிவு. ஆனால் எத்தனை நாளில் இடைத்தேர்தல் என்று எங்கும் எழுதியில்லை. தேதி பிரதமர் கையில். அப்போது நீதிமன்றம் போனவர் ஹவ்காங் வாக்காளரான ஒரு தமிழ்ப்பெண், துப்புரவு வேலை செய்பவர். மே 26-ல் இடைத்தேர்தல் நடந்து முடிந்துவிட்டது, உயர் நீதிமன்றத்திலும் அவர் தோற்றார். ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜூலையில், இடைத்தேர்தலை நடத்துவதா வேண்டாமா என்பது பிரதமரின் இஷ்டம் அல்ல, நியாயமான காலத்துக்குள் நடத்தியாக வேண்டும் என்றது. சிங்கப்பூர் அரசியலின் இந்தக் கிசுகிசுக்கள் எல்லாவற்றிலும் உருப்படியாக மிஞ்சியது அந்த ஒரு தீர்ப்புதான் என்பேன்.

இந்தியாவுக்கு வருவோம். கட்சியிலிருந்து நீக்கிய பிறகும் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), உறுப்பினர் தானாகக் கட்சியை விட்டால் பதவி போகும். கட்சி அவரை நீக்கினால் போகாது. தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஜி. விசுவநாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னதன் சாரம்: நீக்கப்பட்டவர் சபையில் தொடரலாம், சட்டப்படி அவரை நிறுத்திய கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார், வேறு கட்சியில் சேர்ந்தால் தகுதி இழப்பார். எனவே பாலியல் புகார் வந்ததும் "கட்சியிலிருந்து நீக்கிவிட்டோம்" என்று தலைமை அறிவித்தால், அந்த உறுப்பினரின் சம்பளம், அலுவலகம், தொகுதி நிதி எதுவும் குறைந்துவிடவில்லை. கட்சியின் பெயர்மேல் விழும் சேறு மட்டும் குறைகிறது.

மக்களவை எம்.பி. விலகுவதாக இருந்தால் கடிதம் மக்களவைத் தலைவருக்குப் போகும். வாசகம் ஒரே வரி, இன்ன தேதி முதல் இடத்தை விடுகிறேன் என்பது. காரணம் கேட்பதில்லை. எழுதினாலும் சபையில் வாசிக்காமல் விடத் தலைவருக்கு உரிமை உண்டு. தானாக எழுதியதா, உண்மையான கடிதமா என்று மட்டும் பார்ப்பார். ஆந்திர ஆளுநராக இருந்த என்.டி. திவாரி 2009 டிசம்பரில் வீடியோ சர்ச்சைக்கு நடுவே விலகியபோது சொன்ன காரணம் உடல்நலம். ராஜினாமா கடிதத்தில் உண்மையைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இடம் காலியானால் இங்கே காலக்கெடு உண்டு. ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும், மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் விதிவிலக்கு. இந்த ஒன்றில் நம் சட்டம் சிங்கப்பூரைவிட மேல். நம் கட்சிகள் எம்.எல்.ஏ.வை விலகச் சொல்லத் தயங்குவதற்கும் இதுவே காரணம். ஆறு மாதத்தில் மக்கள் முன்னால் நிற்க வேண்டும்.

அதனால் இங்கே பலியாவது பெரும்பாலும் அமைச்சர் பதவிதான். 2018 அக்டோபர் 17-ல் எம்.ஜே. அக்பர் வெளியுறவு இணையமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பத்திரிகை ஆசிரியராக இருந்தபோது நடந்ததாகப் பல பெண்கள் சொன்ன புகார்களை அவர் மறுத்தார். மாநிலங்களவை இடத்தை வைத்துக்கொண்டார். புகார் சொன்னவர்களில் ஒருவர்மேல் அவர் போட்ட அவதூறு வழக்கு 2021 பிப்ரவரியில் தள்ளுபடியானது. புகார் நிலுவையில் இருக்கும்போது அமைச்சர் விலகுவது சரி என்றே நினைக்கிறேன். விலகாவிட்டால், போலீசையும் அதிகாரிகளையும் ஏவக்கூடிய இடத்தில் இருப்பவர் தன்மேலான விசாரணையைத் தானே நடத்துவதற்குச் சமம் அது.

ஆனால் விலகியதும் கைதட்டிக் கலைந்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் கோட்டை விடுகிறோம். அமெரிக்காவில் 2006 செப்டம்பரில் மார்க் ஃபோலி என்ற எம்.பி., சபையில் உதவியாளராக இருந்த இளைஞர்களுக்கு ஆபாசச் செய்தி அனுப்பியது வெளியானதும் அன்றே விலகினார். சபையின் நன்னெறிக் குழுவால் அதன் பிறகு அவரைத் தண்டிக்க முடியவில்லை. உறுப்பினர் என்ற தகுதி போனதும் குழுவின் அதிகாரமும் போயிற்று. மற்றவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள் என்று விசாரித்து டிசம்பரில் அறிக்கை தந்ததோடு சரி. சுருங்கச் சொன்னால் ராஜினாமா அவருக்குக் கதவு.

அதிகாரத்துக்குக் கீழே வேலை செய்யும் பெண் புகார் சொன்னால், விலகினாரா என்பதைவிட முதலில் கேட்கவேண்டியது புகார் எங்கே பதிவானது என்பது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் 2013-ன்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். வேலை கொடுப்பவர்மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். விசாரணைக்கு 90 நாள். ஓட்டை எங்கே என்றால், கட்சித் தொண்டர் ஊழியர் ஆகமாட்டார், கட்சி அவருக்கு முதலாளி அல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. மகளிரணிப் பெண்ணுக்குக் காவல் நிலையம்தான் வழி, அதுவும் பெரும்பாலும் அதே கட்சிக்காரரின் செல்வாக்குள்ள ஊரில்.

மலேசியாவில் 2008 ஜனவரியில் சுகாதார அமைச்சர் சுவா சோய் லெக், ஜொகூரில் பரவிய டிவிடியில் இருப்பது தான்தான் என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் அமைச்சர் பதவி, லாபிஸ் தொகுதி, கட்சிப் பதவி எல்லாவற்றையும் விட்டார். தம்பி சொன்ன "மறுநாளே" இங்கே அப்படியே பொருந்துகிறது. இடத்தைத் தானாக விட்ட எம்.பி. ஐந்தாண்டு மறுபடி நிற்க முடியாது என்ற விதியும் அப்போது அங்கே இருந்தது, 2022-ல்தான் எடுத்தார்கள். 2008 மார்ச்சில் லாபிஸில் நின்று வென்றவர் அவருடைய மகன். 2010-ல் சுவா கட்சித் தலைவரே ஆனார். அவர் ஓட்டலில் இருந்ததை ஒளிந்து படமெடுத்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வீடியோ வந்தாலே விலகத்தான் வேண்டும் என்று வைத்தால், யார் அமைச்சர் என்பதைக் கேமரா வைத்திருப்பவன் முடிவு செய்வான்.

உங்கள் தெரு வீடியோவுக்கும் அதேதான். அனுப்பாதீர்கள். பாலுறவுக் காட்சியை மின்னணு வழியில் அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ-ன்படி முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். "எனக்கு வந்ததைத்தானே அனுப்பினேன்" என்பது எடுபடாது. குழு நிர்வாகியிடம் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் யார் எண்ணிலிருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலோ கொடுங்கள். வாட்ஸாப் வழியாகப் பல கை மாறிய வீடியோ அமுங்கித் தரம் குறைந்திருக்கும், எடுத்த கருவி, நேரம் பற்றிய விவரமும் போயிருக்கும், ஆதாரமாக அதற்கு மதிப்புக் குறைவு. அசல் யாரிடம் இருக்கிறதோ அவரைக் கண்டுபிடிப்பது போலீஸின் வேலை. அந்தப் பெண் யாரென்று தெரிந்தால் அவர் பெயரைக் குழுவில் யாரும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.