'நம்புகிறோம்' என்று எழுதலாமா?

கேள்வி: வெளியூர்களுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதும் வேலை எனக்கு. 'சரக்கு வெள்ளிக்கிழமை வந்து சேரும் என நம்புகிறோம்' என்று எழுதினால், மேலாளர் அதை அடித்துவிட்டு 'நிச்சயம் வந்து சேரும்' என்று திருத்துகிறார். இரண்டும் ஒன்றுதான் என்கிறார். அப்படியா?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டும் ஒன்றல்ல, சகோதரி. உங்கள் தயக்கம் நியாயமானது.

'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். நசை என்றால் விருப்பம். அந்தப் பழம்பொருள் இன்னும் முழுதாக உதிர்ந்துவிடவில்லை. 'அவரை நம்புகிறேன்' என்னும்போது ஐயத்துக்கே இடமில்லை. 'அவர் வருவார் என்று நம்புகிறேன்' என்னும்போதோ, வர வேண்டுமே என்ற ஆசையும் வராமல் போய்விடுவாரோ என்ற கவலையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. உங்கள் வாக்கியம் இந்த இரண்டாவது வகை. மேலாளருக்கு அது பிடிக்காததில் வியப்பில்லை.

ஆனால் அவர் போடும் சொல் அதைவிடச் சிக்கலானது. பேசி முடிவானதற்கே நிச்சயம் என்று பெயர். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே யாரும் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்வதில்லை. லாரியில் ஏற்றாத சரக்குக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

உறுதி என்பதற்கு இரண்டு முகங்கள். சோதித்து அறிந்ததைச் சொல்வது ஒன்று. 2020இல் செய்தித்தாள்கள் 'கொரோனா தொற்று உறுதி' என்று எழுதியது பரிசோதனை முடிவு வந்த பிறகுதான். சொல்பவர் தன்னையே பிணைத்துக்கொள்வது மற்றொன்று. உறுதிமொழி, உறுதியளித்தல் எல்லாம் அந்த வகை. நம் கையில் இருக்கும் செயலுக்கு மட்டுமே உறுதியளிக்க முடியும். மழைக்கு யார் உறுதியளிப்பது? வானிலை அறிக்கை 'பெய்யக்கூடும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

ஆகவே வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: 'வியாழக்கிழமை மாலைக்குள் சரக்கை லாரியில் ஏற்றிவிடுவோம் என உறுதியளிக்கிறோம். வெள்ளிக்கிழமை உங்களிடம் வந்து சேரும் என எதிர்பார்க்கிறோம்.' எதிர்பார்ப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வியாபாரக் கடிதத்தில் நம்புகிறோம் என்பதைவிட அது பொருத்தம். மேலாளரிடம் இந்த வடிவத்தைக் காட்டுங்கள். வழியில் லாரி பழுதாகி நின்றாலும், வாடிக்கையாளருக்கு அடுத்த கடிதத்தை நீங்கள் கூசாமல் எழுதலாம்.