‘கேஸ்தான்’ என்று விட்டுவிடலாமா? இரைப்பைப் புற்றுநோய்: கேள்வி பதில்

எண்டோஸ்கோப்பி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்ப்பது) அறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து: அக்கா, அப்பாவுக்கு வயது 58. மூன்று மாதமாக வயிறு உப்புசம், ரெண்டு இட்லியிலேயே போதும் என்கிறார். மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டால் சரியாகிறது. ஸ்கேனும் நார்மல். விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தம்பி. அந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். புற்றுப்புண்ணின் வலியும் அதில் கொஞ்ச நாள் அடங்கிவிடும். நான் பார்த்தவர்களில் பலர் அப்படித்தான் மாதக்கணக்கை இழந்தார்கள். வயிற்று ஸ்கேனில் இரைப்பையின் உட்சுவர் சரியாகத் தெரியாது. குழாய் விட்டுப் பார்த்து, சந்தேகமான இடத்தில் ஆறேழு துணுக்கு சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி. எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, தார் மாதிரி கறுப்பு மலம், இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடவே கூடாது. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.)

உவரியிலிருந்து: கருவாடு தின்றால் வருமா?

ஒரு நாள் குழம்புக்குப் பயப்பட வேண்டாம். உப்பில் ஊறியதையே தினமும் தின்றால் இரைப்பையின் உள்தோல் கெடும். அதைவிடப் பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டுபிடித்த வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார்! கிருமி உள்ள பெரும்பாலோருக்குப் புற்று வராது. இருப்பது தெரிந்தால் இரண்டு வார மாத்திரையில் ஒழிக்கலாம். பீடி, சிகரெட்டையும் விடச் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: சதை எடுத்தால் நோய் பரவுமாமே?

பரவாது.

முக்கூடலிலிருந்து: அத்தானுக்கு இரைப்பையை முழுசாக எடுக்கணுமாம். அப்புறம் எப்படிச் சாப்பிடுவார்?

சிறுகுடலை மேலே இழுத்து உணவுக்குழாயோடு இணைத்துவிடுவார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை சாப்பிட வேண்டும். இனிப்பு நேரே குடலில் இறங்கினால் வியர்த்து, படபடவென்று வரும். நம்ம ஊர் அல்வா அவருக்கு விரோதி. பி12 ஊசி ஆயுசுக்கும் தேவை. அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுப்பதும் வழக்கம்தான், பயப்படாதீர்கள். நோய் இரைப்பையின் உள்தோலோடு நிற்கும்போதே தெரிந்தால், சிலருக்கு எண்டோஸ்கோப்பி வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம். கல்லீரல் வரை போயிருந்தால் கீமோதான் முக்கியம். பரிசோதனைக்கு எடுத்த சதையில் ஹெர்2 (சிலரின் புற்றுச் செல்களில் அதிகமாக இருக்கும் ஒரு புரதம்) சோதனையும் செய்யச் சொல்லுங்கள், அது அதிகம் இருந்தால் அதற்கென்று தனி மருந்து உண்டு. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுபடியும் மேலப்பாளையம்: குழாய் என்றாலே அப்பா ஓடுகிறார், அக்கா.

எல்லா அப்பாக்களும் ஓடுவார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிறு. சர்க்கரை மாத்திரை போடுபவர் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டை மரக்க ஸ்ப்ரே அடிப்பார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மரப்பு விட்டதும் காபி வாங்கிக் கொடுங்கள், நன்றாக ஆற்றி.