ஆன்லைன் ஏலத்தில் பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் வாங்கும்போது ‘மேட்சிங் நம்பர்’ என்பது என்ன?

வண்டியின் சேஸிலும் (அடிச்சட்டம்) எஞ்சினிலும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவையாகவே இருந்தால் அது ‘மேட்சிங் நம்பர்’ வண்டி.

மைசூரில் தயாரான ஜாவாக்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பாகம் கிடைக்காத காலத்தில் வேறு வண்டியின் எஞ்சினைத் தூக்கி வைத்து ஓட்டியவர்கள் ஏராளம். அப்படி மாறியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ எனப் பதிய 2021-ல் வந்த மத்திய விதியும் சேஸ், எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்கிறது.

நிலம் வாங்கும்போது பத்திரத்து சர்வே எண்ணும் பட்டாவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போமே, அதே கதைதான்.

ஏலப் படத்தில் பளபளக்கும் பெயின்டை நம்பாதீர்கள். எண்களை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துகள் கோணலாக இருந்தாலோ, சுற்றிலும் அரம் போட்ட கீறல் தெரிந்தாலோ விலகிவிடுங்கள். படம் தரத் தயங்குபவரிடம் நான் வாங்கவே மாட்டேன்.

அப்புறம், எண் பொருந்தினால் எஞ்சினும் நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பிஸ்டனும் கிராங்கும் தேய்ந்திருக்கிறதா என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.