போன் மட்டும்தான் இருக்கிறது, சொந்தமாக இணையத்தளம் செய்யலாமா? மலையக மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஹட்டனில் படித்து, கொழும்பில் பத்து வருடம் இணையத்தளம் செய்கிற வேலை பார்த்தவள் நான். இப்போது அதே வேலையை ஊரில் இருந்தே செய்கிறேன். சொந்தமாகத் தளம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் கேள்விகளை அனுப்பியிருந்தார்கள், பாதிக்கு மேல் வொய்ஸ் மெசேஜ். ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் லெப்டொப் இல்லை அக்கா. அம்மாவின் போன் மட்டும்தான், அதுவும் அவர் மலையில் இருந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். இதை வைத்து முடியுமா? (தரம் 11, பொகவந்தலாவை)

முடியும் தங்கச்சி. காசும் வேண்டாம். கோப்புகளை இலவசமாக வைத்துத் தளமாகக் காட்டும் கிட்ஹப் என்ற இடத்தில் ஒரு கணக்குத் திறவுங்கள், 13 வயது ஆகியிருந்தால் போதும். உங்கள் பயனர் பெயருக்குப் பின்னால் 'டொட் கிட்ஹப் டொட் ஐஓ' என்று சேர்த்து, அதே பெயரில் ஒரு ரெப்போ, அதாவது கோப்புகள் வைக்கும் போல்டர், உருவாக்குங்கள். அதற்குள் 'இன்டெக்ஸ் டொட் எச்டிஎம்எல்' என்று ஒரு கோப்பு. பெயர் எல்லாமே ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயரையும் இரண்டு வரியையும் எழுதிச் சேமித்தால், சில நிமிடத்தில் உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை இடம் தருகிறார்கள். எழுத்தும் சில படங்களும் என்றால் பல வருடத்துக்குக் காணும்.

போனில் உண்மையான தொல்லை வேறு. எது தலைப்பு, எது பந்தி என்று பிரவுசருக்குக் குறி போட்டுச் சொல்லும் மொழிதான் எச்டிஎம்எல். அதற்குத் தேவையான கோண அடைப்புக்குறிகளைப் போன் கீபோர்டில் தேடித் தேடி அடித்தால் பத்து வரியில் வெறுத்துவிடும். நான் சொல்லும் வழி இது. பகலில் பாடக் கொப்பியில் பேனையால் பக்கத்தை முழுதாக எழுதி வையுங்கள். எங்கே தலைப்பு, எங்கே பந்தி, எந்தக் குறி எங்கே மூடுகிறது, எல்லாம். இரவில் அம்மாவின் போன் கிடைக்கும் அரை மணியில் பார்த்து அடிப்பது மட்டும்தான் வேலை. யோசிப்பதற்குப் போன் தேவையில்லையே.

தமிழில் எழுதிப் போட்டேன், தளத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. ஏன்? (உயர்தரம், பண்டாரவளை)

கொமியூனிகேஷன் கடையில் டைப் அடித்து வாங்கினீர்கள், சரியா? அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலச் சாவிகள்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அம்மா தெரிவாள். இல்லாத போனில் எம்மும் கேயும்தான் தெரியும்.

எந்தப் போனிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாமினியை யுனிகோடாக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாக நிறைய இருக்கின்றன. ஒட்டி, மாற்றி, எடுத்துக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், 'ஸ்ரீ'யிலும் கிரந்த எழுத்துகளிலும் சில சமயம் சறுக்கும். அப்புறம் பக்கத்தின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியில் 'மெட்டா சார்செட் யூடிஎஃப்-8' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அது இல்லாததால் யுனிகோடில் எழுதியதும் கிறுக்கலாகத் தெரிவது உண்டு.

தமிழில் எழுதினால் தளம் கனத்துவிடும் என்று ஒரு தம்பிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆங்கில எழுத்துக்கு 1 பைட். அது உண்மைதான். 'அம்மா' யுனிகோடில் ஐந்து குறி, ஆக 15 பைட். ஆனால் நீங்கள் பத்துப் பக்கம் தமிழில் எழுதினாலும் போனில் எடுத்த ஒரு போட்டோவின் பக்கத்தில்கூட வராது.

என் தளம் எனக்கு நன்றாகத் திறக்கிறது. மஸ்கெலியாவில் இருக்கும் என் மச்சானுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் பிரச்சினையா? (உயர்தரம், ஹட்டன்)

முதலில் சிக்னல் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு உங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 12 படம், ஒவ்வொன்றும் 4 எம்பி. கூட்டினால் 48 எம்பி. மச்சான் ரீலோட் போட்டு வைத்த டேட்டாவில் உங்கள் பிறந்தநாள் கேக்கைப் பார்க்க வேண்டுமா, சொல்லுங்கள்! உங்களுக்கு மட்டும் உடனே திறப்பதற்குக் காரணம், படங்கள் ஏற்கெனவே உங்கள் போனின் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், இருக்கின்றன.

போன் திரைக்கு 1200 பிக்சல் அகலம் தாராளம். அப்படிச் சுருக்கினால் ஒரு படம் 200 கேபி அளவுக்கு வந்துவிடும். சுருக்கத் தெரியாவிட்டால் ஒரு சோம்பேறி வழி: படத்தை வட்ஸ்அப்பில் வீட்டில் ஒருவருக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப எடுத்துத் தளத்தில் போடுங்கள். அது தானாகவே சுருக்கிவிடும். டொகியுமென்டாக அனுப்பக் கூடாது, சாதாரணப் படமாக அனுப்ப வேண்டும்.

இதில் இன்னொரு நன்மை. போன் கெமராவில் லொகேஷன் திறந்திருந்தால், படம் எடுத்த இடம் அந்தக் கோப்புக்குள்ளேயே எண்களாகப் பதிந்திருக்கும். வீட்டு வாசலில் எடுத்த படம் என்றால் வாசலுக்கே வழி காட்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த விவரம் கழன்றுவிடும். பெண் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஆண் பிள்ளைகளும்தான்.

தொடர்புக்கு என்ற பக்கத்தில் முகவரி கேட்கிறது. எங்கள் லயத்தில் வீட்டுக்கு இலக்கமே இல்லை, கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். நான் எதைப் போடுவது? (உயர்தரம், தலவாக்கலை)

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். எனக்கு முதல் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது ஆபீஸ் முகவரிக்குத்தான். அது ஒரு மேசையில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் ஏறி, எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பரீட்சை முடிந்து மூன்று நாள். அம்மா அந்தக் கவரை இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

சரி, பதிலுக்கு வருகிறேன். எதையும் போடாதீர்கள். இலக்கம் இருக்கிற வீட்டுப் பிள்ளையும் போடக் கூடாது. அந்தப் பெட்டி கடைக்காரர்களுக்காக யாரோ செய்த டெம்ப்ளேட்டில் வந்தது, அழித்துவிடுங்கள். தளத்துக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் திறந்து அதை மட்டும் போடுங்கள். போன் இலக்கமும் வேண்டாம்.

நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு சுயவிவரக் கோவையை அப்படியே பிடிஎஃப்பாக ஏற்றுவது. அதில் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், அப்பாவின் தொழில் என்று எல்லாம் இருக்கும். அடையாள அட்டை இலக்கம் சும்மா ஓர் எண் இல்லை. 2016 முதல் தரும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு நீங்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பையனுக்கு 032, பெண்ணுக்கு 532. அந்த ஓர் எண்ணைப் பார்த்தே உங்கள் பிறந்தநாளைச் சொல்லிவிடலாம். பாஸ்வேர்டும் அதே பிறந்தநாள்தான் என்றால் சொல்லவே வேண்டாம்.

டொட் கொம் வாங்கலாமா, டொட் எல்கே வாங்கலாமா? தமிழிலேயே டொட் இலங்கை இருக்கிறது என்கிறார்களே? (பல்கலைக்கழகம், பதுளை)

இருக்கிறது, உண்மையாகவே 'டொட் இலங்கை' என்று தமிழ் எழுத்தில். எனக்குப் பிடிக்கும். ஆனால் சில செயலிகளில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துச் சரமாக மாறித் தெரியும், வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் அது தடுமாற்றம். படிக்கும் காலத்தில் எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். டொமைன், அதாவது தளத்தின் பெயர், ஒரு தடவை வாங்கிவிட்டால் சொந்தம் என்று நினைக்கிறோம். இல்லை, அது வருட வாடகை. என் சிநேகிதி ஒருத்தியின் தளப் பெயரை ஒரு தெரிந்த பையன் தன் கணக்கில் பதிந்து கொடுத்தான். அவன் வெளிநாடு போனான், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவனுடைய பழைய முகவரிக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவள் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. எப்போது வாங்கினாலும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கணக்கில் வாங்குங்கள்.

என் வகுப்பில் 28 பிள்ளைகள், ஓடக்கூடிய கணினி ஆறு, இணைய வசதி இல்லை. எப்படித் தொடங்குவது தங்கச்சி? (ஆசிரியர், லிந்துலை)

சேர், இணையம் இல்லாததே தொடக்கத்துக்கு நல்லது, பேஸ்புக் பக்கம் ஓட முடியாது. எச்டிஎம்எல் கோப்புக்கு நோட்பேடும் ஒரு பிரவுசரும் போதும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் இது வருவதால் நேரம் வீணாகாது.

முதல் நாள் ஆறு கணினியில் நான்கிலாவது இது நடக்கும், சொல்லி வைக்கிறேன்: பிள்ளை சரியாகப் பெயர் கொடுத்துச் சேமிக்கும், திறந்தால் பக்கம் வராது, எழுதிய குறிகள்தான் தெரியும். நோட்பேட் பின்னால் 'டொட் டிஎக்ஸ்டி' ஒட்டியிருக்கும், விண்டோஸ் அதை மறைத்தும் வைத்திருக்கும். சேமிக்கும்போது கீழே 'ஓல் பைல்ஸ்' என்றும் 'யூடிஎஃப்-8' என்றும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பென் டிரைவில் எல்லோருடைய போல்டரையும் எடுத்துக்கொண்டு, சிக்னல் இருக்கிற இடத்தில் நீங்கள் ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகு படம் தெரியவில்லை என்று பிள்ளைகள் வருவார்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, தளம் இருக்கும் சேர்வருக்கு வேறு வேறு. படத்தின் பெயரைப் பார்த்தால் முடிவில் 'ஜேபிஜி' பெரிய எழுத்தில் இருக்கும்.

என்னிடம் காட்ட ஒன்றுமே இல்லையே. தளத்தில் என்ன எழுதுவது? (தரம் 12, ஹப்புத்தளை)

'நான் ஒரு கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்' என்று எழுதாதீர்கள், அதை யாரும் வாசிப்பதில்லை. உங்கள் தோட்டத்துக்கு ஆபீஸ் போர்டில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும், நம் வாயில் வேறு ஒரு பெயர் இருக்கும். அந்தத் தமிழ்ப் பெயர் எப்படி வந்தது என்று அப்பாயியிடம் கேட்டிருக்கிறீர்களா? மலை மலையாக, டிவிசன் டிவிசனாகப் பெயர் இருக்கும். அவற்றை ஒரு பட்டியலாகப் போடுங்கள், யார் சொன்னது என்றும் எழுதுங்கள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் தோட்டம் என்றால் காமன் ஊன்றுவதில் இருந்து ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்று குறித்து வையுங்கள். இதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், கிடைப்பதோ கொஞ்சம்தான். அப்பாயியின் படத்தைப் போடும் முன் அவரிடம் கேளுங்கள். போனைக் காட்டி, எங்கெல்லாம் இது தெரியும் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஏஐயிடம் கேட்டால் முழுத் தளத்தையும் செய்து தருகிறது. தப்பா? (உயர்தரம், நானுஓயா)

தப்பில்லை. அது தந்ததில் பின்னணி நிறத்தை மட்டும் நீங்களாக மாற்றிப் பாருங்கள். எந்த வரி என்று கண்டுபிடிக்க முடிந்தால் தளம் உங்களுடையது.

போன் தொலைந்தது, சிம்மும் போய்விட்டது, இப்போது கணக்குக்குள் நுழைய முடியவில்லை. (உயர்தரம், மஸ்கெலியா)

பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டாம் கட்டப் பாதுகாப்பைத் திறந்த அன்று மீட்புக் குறியீடுகள் என்று ஒரு பட்டியல் காட்டியிருக்கும். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதே போனில் வைத்தீர்கள், இல்லையா தம்பி? மற்றவர்கள் அதைக் கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கவருக்குள் வையுங்கள். ஓஃபருக்காக அடிக்கடி சிம் மாற்றுகிறவர்கள் எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை நம்ப வேண்டாம். உங்களுக்கு ஓர் ஆறுதல்: எழுதியவை இன்னும் வெளியில் தெரிகின்றன, புதுக் கணக்குத் திறந்து நகல் எடுத்துவிடலாம். எப்போதும் ஒரு நகல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். ஜியோசிட்டீஸ் என்று ஒரு பெரிய இலவச இடம் இருந்தது. 2009-இல் யாஹூ அதை மூடியபோது நகல் வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் வீடு மாறல்.

ஒரு வருடமாக என் தளத்தைத் தொடவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, அழித்துவிடவா? (பல்கலைக்கழகம், நுவரெலியா)

வேண்டாம். போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. 'இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறேன்' என்ற வரியை மாற்றுங்கள், நீங்கள் எழுதி முடித்துக் கம்பஸுக்கே போய்விட்டீர்களே. 'விரைவில் வரும்' என்று மூன்று இடத்தில் இருக்கிறது, அந்த மூன்றையும் இன்றிரவே எடுத்துவிடுங்கள். மற்றதை லீவில் பார்க்கலாம்.