மருத்துவக் கழிவு: எந்தப் பையில் எது? கேள்வி பதில்

கேள்வி: இரண்டு நாற்காலி போட்ட பல் கிளினிக் சார், படுக்கையே கிடையாது. மருத்துவக் கழிவு விதி எனக்கும் உண்டா?

பதில்: உண்டு டாக்டர். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளுக்குப் படுக்கை கணக்கில்லை, கழிவு வந்தாலே போதும். படுக்கையில்லாத கிளினிக்குக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி ஒருமுறை வாங்கினால் சரி. 75 கி.மீ.க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் சொந்தமாக எரிப்பது, புதைப்பது எதுவும் கூடாது.

கேள்வி: பஞ்சு, சலைன் டியூப், கிளவுஸ் எல்லாமே ரத்தம் பட்டதுதானே. மொத்தமாக மஞ்சள் பையில் போட்டால் என்ன?

பதில்: வார்டுகள் கோட்டை விடுவது இங்கேதான் சிஸ்டர். மஞ்சள் இன்சினரேட்டருக்கு (எரி உலைக்கு) போகும்: பஞ்சு, கட்டுத்துணி, மாவுக்கட்டு, உடல் பாகம், காலாவதி மருந்து. சிவப்பு ஆட்டோகிளேவுக்கு (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி), பிறகு அரைத்து மறுசுழற்சிக்கு: டியூப், கதீட்டர், யூரின் பை, கிளவுஸ். டியூப், யூரின் பையெல்லாம் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்; எரித்தால் அதிலுள்ள குளோரின் டையாக்சின் என்ற நச்சாகும். இன்சினரேட்டரின் இரண்டாம் அறை 1050 டிகிரியில் இருக்க வேண்டும், புகை 2 நொடி அங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதை அடக்கத்தான். மாறாக, பஞ்சு சிவப்பில் போனால் கிருமி சாகும், ஆனால் அரைத்த பிளாஸ்டிக்கில் பஞ்சு கலந்து மறுசுழற்சிக்கு உதவாது. கட்டிய பையைச் சுத்திகரிப்பு நிலையத்தில் யாரும் பிரித்துப் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது. கட்டில் பக்கத்திலேயே பிரித்தால்தான் உண்டு.

கேள்வி: ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டிப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது, கையில் குத்துவதே அப்போதுதான். நீடில் கட்டரில் வெட்டுங்கள். ஊசி வெள்ளை டப்பாவுக்கு, சிரிஞ்ச் சிவப்புக்கு. இன்சுலின் சிரிஞ்ச் மாதிரி ஊசியைக் கழற்ற முடியாதது முழுசாக வெள்ளைக்கு. வெள்ளை டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள், அமுக்காதீர்கள். உடைந்த கண்ணாடி, ஆம்பூல் (மருந்துக் கண்ணாடிக் குப்பி) நீலத்துக்கு.

கேள்வி: லேபில் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி) எந்த அளவில் கலப்பது?

பதில்: பாட்டிலில் 5% என்றிருந்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், 1% வரும். 10% என்றால் ஒன்பது பங்கு. அன்றன்று கலக்க வேண்டும். நேற்றைய வாளியில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது. கிருமி வளர்த்த கல்ச்சர் தட்டை ஹைப்போவில் ஊறவைத்து மஞ்சளில் போடாதீர்கள், குளோரின் மறுபடி இன்சினரேட்டருக்குத்தான் போகும். லேபிலேயே ஆட்டோகிளேவ் செய்து போடுங்கள்.

கேள்வி: மூன்று நாளாகக் கழிவு எடுக்கும் வண்டி வரவில்லை. காயலான் கடைக்காரர் சிவப்புப் பையைக் கேட்கிறார்...

பதில்: கொடுத்துவிடாதீர்கள்! 2024 டிசம்பரில் நெல்லை நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டப்பட்ட கேரள மருத்துவமனைக் கழிவு, பசுமைத் தீர்ப்பாய உத்தரவால் லாரிகளில் திரும்பிப் போனது நினைவிருக்கும். 48 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். தாண்டினால் பூட்டிய அறையில் வைத்து, காரணத்தை வாரியத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி வந்ததும் ஒவ்வொரு பையின் பார்கோடும் எடையும் பதிவாகிறதா என்று நின்று பாருங்கள்.