வடக்கு எந்தப் பக்கம்? போன் திசைகாட்டி பற்றி வாசகர் கேள்விகள்

கூகுள் மேப்ஸ் இருக்கும்போது போனில் திசைகாட்டி எதற்கு? அதனால் உண்மையிலேயே பயன் உண்டா?
வாசகர், மதுரை

மேப்ஸே அந்தத் திசைகாட்டியை நம்பித்தான் இருக்கிறது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் திசையைக் கணக்கிட முடியும். புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அசையாமல் நின்றபடி எந்தப் பக்கம் போவது என்று பார்க்கும்போது கைகொடுப்பது போனுக்குள் இருக்கும் காந்த சென்சார்தான். முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே (2008) அது இருந்தது. ஐபோனில் 2009-ல் 3ஜிஎஸ் மாடலோடு வந்தது.

மேப்ஸில் நீலப் புள்ளியிலிருந்து விசிறிபோல் விரியும் வெளிச்சத்தைக் கவனியுங்கள். விசிறி அகலமாக இருந்தால் திசை பற்றிப் போனுக்கே சந்தேகம் என்று பொருள். குறுகியிருந்தால் நம்பி நடக்கலாம். சென்சாருக்கு நெட் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை. ஃபிளைட் மோடிலும் வேலை செய்யும்.

வீட்டில் இரண்டு போன்கள். ஒரே மேஜையில் வைத்தால் இரண்டும் 30 டிகிரி வித்தியாசத்தில் வடக்கு காட்டுகின்றன. எதை நம்புவது?
வாசகி, திருப்பூர்

இரண்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். முதலில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு போனின் ஸ்பீக்கரிலும் ஒரு காந்தம் இருக்கிறது; அது பக்கத்துப் போனின் முள்ளை இழுக்கும். ஒன்றை எடுத்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்.

அடுத்து, கவரைக் கழற்றுங்கள். மூடித் திறக்கும் ஃபிளிப் கவரின் பூட்டு, பைக்கிலோ காரிலோ ஒட்டி நிற்பதற்காகப் பின்னால் ஒட்டிய இரும்புத் தகடு, காந்த வளையம் உள்ள வயர்லெஸ் சார்ஜர் கவர் எல்லாமே முள்ளைக் கெடுக்கும். நாங்கள் பார்த்தவரை, கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் திசைகாட்டிகளில் பல, கவரைக் கழற்றியதும் சரியாகிவிடுகின்றன.

பிறகு காற்றில் எட்டு எழுதும் வேலை. போனைக் கையில் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, திரை வானத்தையும் தரையையும் பக்கவாட்டையும் பார்க்கும்படி நான்கைந்து முறை எட்டு வரையுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. போனின் சொந்தக் காந்தங்கள் போனோடு சேர்ந்தே சுழல்கின்றன. பூமியின் காந்தப்புலம் சுழல்வதில்லை. எல்லாப் பக்கமும் திருப்பினால், மாறாமல் கூடவே வரும் பகுதி எது என்று போன் கண்டுபிடித்து அதைக் கழித்துவிடும். ஆனால் பீரோ, இரும்புக் கட்டில், லிஃப்ட், காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஆகியவை போனோடு சுழலாதவை. அவற்றால் வரும் பிழையை எட்டு போட்டு நீக்க முடியாது. பீரோ பக்கத்தில் நின்று எட்டு போட்டால் தவறான கணக்கைப் போன் மனதில் வைத்துக்கொண்டு, வெளியே வந்த பிறகும் தவறாகக் காட்டும். ஆகவே மைதானம் மாதிரி திறந்த இடத்தில் போடுங்கள்.

எது சரி என்று சோதிக்க இன்னொரு வழி, காந்தப்புலத்தின் அளவைப் பார்ப்பது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் ஆப்பில் மேக்னட்டோமீட்டரை (காந்த சென்சாரின் அளவு காட்டும் பகுதி) திறந்து, மொத்த அளவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அது 40 மைக்ரோடெஸ்லாவை (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) ஒட்டி இருக்க வேண்டும். 60, 80 என்றோ 25 என்றோ வந்தால் பக்கத்தில் இரும்போ காந்தமோ இருக்கிறது. அந்த இடத்தில் திசைகாட்டி சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதிதாக வாங்கிய குறைந்த விலைப் போனில் எந்தத் திசைகாட்டி ஆப் போட்டாலும் முள் சரியாக நிற்கவில்லை. ஏன்?
வாசகர், நாகர்கோவில்

பெரும்பாலும் அதில் சென்சாரே இருக்காது. விலையைக் குறைக்க முதலில் கழற்றப்படும் பாகங்களில் அது ஒன்று. எந்த ஆப்பாலும் அதை ஈடுகட்ட முடியாது. அடுத்த முறை வாங்கும்போது சென்சார் பட்டியலில் 'காம்பஸ்', 'மேக்னட்டோமீட்டர்', 'ஜியோமேக்னட்டிக்' ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அசைவை அறியும் 'ஆக்ஸிலரோமீட்டர்' மட்டும் போதாது. கடையில் சாம்சங் போன் என்றால் *#0*# அழுத்தினால் சோதனைத் திரை வரும். ஷாவ்மி, ரெட்மி என்றால் *#*#6484#*#*. இப்போதைக்கு, திறந்த வெளியில் நேர்கோட்டில் 20, 30 அடி நடந்து மேப்ஸ் அம்பைப் பாருங்கள்.

மனைக்குத் திசை பார்க்க வேண்டும். போன் காட்டும் வடக்கு உண்மையான வடக்குதானா?
வாசகர், வேலூர்

முள் காட்டுவது காந்த வடக்கு. உண்மையான வடக்கு அதிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். நம் பகுதியில் அந்த விலகல் ஏறக்குறைய ஒன்றிரண்டு டிகிரிதான். ஐபோனில் செட்டிங்ஸில் காம்பஸ் பகுதியில் 'ட்ரூ நார்த்' என்பதை ஆன் செய்தால், லொகேஷனை வைத்து அதையும் திருத்திக் காட்டும். இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. காந்த நடுக்கோடு நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-ல் தொடங்கிய ராக்கெட் தளத்துக்குத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். அதனால் இங்கே காந்தப்புலம் தரைக்குள் குத்திட்டு இறங்காமல் கிட்டத்தட்டப் படுக்கையாகவே ஓடுகிறது. திசைகாட்டிக்கு அது நல்லது.

மனையில் இரும்பு கேட், போர்வெல் குழாய், நிறுத்திய வண்டி எல்லாவற்றிலிருந்தும் ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். போனை மட்டமாகப் பிடித்து நான்கைந்து இடங்களில் அளவெடுங்கள். அளவுகள் 5 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் எங்கோ இரும்பு இருக்கிறது.

கட்டடம் கட்டும் அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால், நம் ஸ்தபதிகள் கையாளும் சங்கு (நிழல் பார்க்க நடும் குச்சி) முறைதான் சிறந்தது. மட்டமான தரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்திலும், மாலையில் தொட்டு வெளியேறும் இடத்திலும் புள்ளி வையுங்கள். இரண்டையும் இணைத்தால் மேற்கு–கிழக்குக் கோடு. நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்: உங்கள் ஊரில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது தெற்கே விழும்.

தொழுகைக்கான கிப்லா திசைக்கு (மக்காவின் கஅபா இருக்கும் திசை) ஆப்பை நம்பலாமா?
வாசகர், காயல்பட்டினம்

ஆப்பின் கணக்கு சரியாகத்தான் இருக்கும். பிழை வருவது சென்சாரில். உங்கள் ஊரிலிருந்து கிப்லா உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 294 டிகிரி, அதாவது நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி வடக்கே. சென்னையில் 288. சரிபார்க்க ஆண்டுக்கு இரு முறை சூரியனே உதவுகிறது. மே 28 வாக்கில் நம் நேரம் பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16 வாக்கில் 2.57-க்கும் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் இருக்கும். அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. நேராக நட்ட குச்சியின் நிழல் அதற்கு எதிர்ப்பக்கம் விழும். ஒரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

டிடி ஃப்ரீ டிஷ் ஆன்டெனாவை நானே திருப்ப முடியுமா?
வாசகர், தாம்பரம்

முடியும். செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கிறது. உங்கள் பகுதியிலிருந்து அது திசைகாட்டியில் சுமார் 133 டிகிரி, அதாவது தென்கிழக்கு; அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரம். டிஷ்ஷின் மேலேயே போனை வைத்துப் பார்க்காதீர்கள், அது இரும்பு. மொட்டை மாடித் தளத்திலும் கம்பி இருப்பதால் போனை நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். டிஷ்ஷுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நின்று, 133 டிகிரியில் தூரத்தில் தெரியும் தென்னையையோ டவரையோ குறித்துக்கொண்டு, டிஷ்ஷை அதை நோக்கித் திருப்புங்கள். கடைசி இரண்டு மூன்று டிகிரியைச் செட்டாப் பாக்ஸின் சிக்னல் அளவைப் பார்த்து, விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தித்தான் பிடிக்க வேண்டும்.

சுவருக்குள் ஒயர் போகும் இடத்தைப் போனின் 'மெட்டல் டிடெக்டர்' ஆப் காட்டுமா? ட்ரில் போட வேண்டும்.
வாசகி, திண்டுக்கல்

காட்டாது, தயவுசெய்து அதை நம்பி ட்ரில் போடாதீர்கள். அந்த ஆப்பும் இதே காந்த சென்சாரைத்தான் பயன்படுத்துகிறது. சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் இரும்பு ஆணியையும் கம்பியையும் பிடிக்கும். செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் குழாய் எதுவும் அதற்குத் தெரியாது. உங்கள் சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் குழாயும் செம்பு ஒயரும்தான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை போடாமல், மெயினை ஆஃப் செய்துவிட்டு பேட்டரி ட்ரில்லால் போடுங்கள்.