வாகிசாஷி செய்யச் சொல்வதற்கு முன்: கேள்வி பதில்

ஜப்பானியக் குட்டை வாளான வாகிசாஷியை ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்துகொள்வது பற்றி உங்களிடமிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

சார், தாந்தோ, வாகிசாஷி, கட்டானா மூன்றுக்கும் நீளம் மட்டும்தான் வித்தியாசமா?

பெயர் வைக்க நீளமே போதும். 1 ஷாக்கு என்பது 30.3 செ.மீ. அதற்குக் கீழே இருந்தால் தாந்தோ, 2 ஷாக்குக்கு மேல் போனால் கட்டானா, நடுவில் இருப்பது வாகிசாஷி. முனையிலிருந்து, பிடி தொடங்கும் இடத்தில் முதுகில் உள்ள வெட்டு வரை நேர்கோட்டில் அளப்பார்கள். பிடிக்குள் போகும் பகுதி கணக்கில் வராது. உறையோடு சேர்த்த நீளத்தை எழுதி அனுப்பினால் கொல்லருக்குக் குழப்பம்தான்.

ஜப்பானில் செய்யச் சொல்வதா, சீனாவின் லோங்சுவானில் செய்யச் சொல்வதா? விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதே அண்ணா.

இரண்டும் வேறு வேறு பொருள்கள் தம்பி. ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர்தான் வாள் செய்ய முடியும். உரிமம் உள்ள ஒருவரிடம் 5 ஆண்டாவது பயின்று, ஜப்பானிய அரசின் கலாச்சார முகமை நடத்தும் பயிற்சியிலும் தேறினால்தான் அந்த உரிமம். மாதத்துக்கு இரண்டு நீள வாள், அல்லது மூன்று குட்டை வாள் என்று வரம்பும் உண்டு. எஃகு பெரும்பாலும் தமஹகானே. ஷிமானே மாநிலத்தின் ஒகுயிசுமோ பகுதியில், 1977-ல் மீண்டும் மூட்டப்பட்ட ததாரா உலையில் குளிர்காலத்தில் இரும்பு மணலையும் கரியையும் மூன்று பகல் மூன்று இரவு எரித்து எடுப்பது. அதை மடித்து மடித்து அடிக்கும்போதுதான் அலகின் மேல் மரவரி போன்ற கோடுகள் இயல்பாக வரும்.

லோங்சுவான் பட்டறைகளில் 1095, டி10 போன்ற ஆலை எஃகைப் பயன்படுத்துகிறார்கள். வெட்டிப் பழக அது நன்றாகவே உழைக்கும். பயிற்சிக்கு என்றால் அங்கே வாங்குங்கள். அலகை வெளிச்சத்தில் சாய்த்து மணிக்கணக்கில் பார்க்கும் ஆசை இருந்தால், பணம் சேரும்வரை காத்திருந்து ஜப்பானியக் கொல்லரிடமே போங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடினால் இரண்டு ஆசையும் நிறைவேறாது.

கொல்லருக்கு எழுதும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

நோக்கம், நீளம், வடிவம். இந்த மூன்றும் தெளிவாக இருக்கட்டும். வடிவத்தில் முதல் தேர்வு: பக்கவாட்டில் மேட்டுக்கோடு ஓடும் ஷினோகி-சுகுரியா, கோடில்லாத தட்டையான ஹிரா-சுகுரியா? கட்டானாவுக்கு ஜோடியாக வேண்டுமென்றால் முதலாவது பொருந்தும். தனியாக ஒன்றே ஒன்று என்றால் சுமார் 35 செ.மீ. நீள ஹிரா-சுகுரியைத்தான் நான் சொல்வேன். 14-ஆம் நூற்றாண்டின் நான்போகுச்சோ காலத்து அகன்ற, மெல்லிய வடிவம் அது. பரப்பு முழுவதும் திறந்திருப்பதால் எஃகின் வரியெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் ஹமோன், அதாவது விளிம்போரம் ஓடும் வெண்ணிற அலைக்கோடு. விளிம்பில் மெல்லிதாகவும் முதுகில் தடிமனாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து இறுகும்போது சற்றே விரிகிறது. மெதுவாகக் குளிரும் முதுகு இளகியே நிற்கிறது. வளைவு கூடுவது அந்த நேரத்தில்தான். விரிசல் விட்டு, அதுவரை பட்ட உழைப்பு வீணாவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே "இந்தப் படத்தில் இருப்பதைப் போலவே கோடு வேண்டும்" என்று கேட்காதீர்கள். எந்த மரபு பிடிக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்: பிசென் மரபின் கிராம்பு மொட்டு வடிவமா, நேர்கோடான சுகுஹாவா? ஒவ்வொரு கொல்லருக்கும் கைவந்த மரபு ஒன்று இருக்கும். உங்களுக்குப் பிடித்ததை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவரைத் தேடிப் போவதே சரி.

ஹமோன் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

அமிலம் தடவியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ போலியாக வரைவார்கள். அலகை ஒற்றை விளக்கின் கீழ் மெதுவாகச் சாயுங்கள். உண்மையானதில் எல்லையோரம் பனி படர்ந்தாற்போல நுண்துகள்கள் மின்னும். கோணம் மாற மாற ஆழமும் தெரியும். வரைந்தது எந்தக் கோணத்திலும் தட்டையாகவே இருக்கும்.

சிவப்பு அரக்கு உறை, டிராகன் பொறித்த த்சுபா (பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள கைக்காப்பு), எல்லாம் சேர்த்தே சொல்லலாமா?

முதலில் வேண்டாம். கொல்லர் அலகை மட்டும்தான் செய்கிறார். சாணை தீட்டுபவர், ஹபாகி என்ற கழுத்துப்பட்டை செய்பவர், உறை செய்பவர், பிடிக்கு நாடா சுற்றுபவர் என்று ஆள் ஆளாகப் போகும் வேலை இது. முதலில் ஷிராசாயா, அதாவது பூச்சில்லாத ஹோ (ஜப்பானிய மக்னோலியா) மர உறை மட்டும் கேளுங்கள். அதை ஒட்டுவது சோற்றுப் பசையால். உள்ளே சுத்தம் செய்ய வேண்டுமானால் சேதமில்லாமல் பிளந்துவிடலாம். மிச்சமாகும் பணத்தைச் சாணைக்குக் கொடுங்கள். அதற்குக் கூலியை அலகின் நீளத்தைப் பொறுத்துக் கணக்கிடுவார்கள். நல்ல கொல்லர் செய்த அலகில் மட்டமான சாணை பட்டால் அவ்வளவு உழைப்பும் கண்ணுக்கே தெரியாது. எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது.

நான் ஒசாகாவில் வேலை செய்கிறேன். லோங்சுவான் வாளை ஊரிலிருந்து கொண்டுவரலாமா?

கூடாது. மரபு முறையில் செய்த, கலை மதிப்புள்ள வாளுக்குத்தான் அங்கே பதிவுச் சீட்டு கிடைக்கும். சீட்டு இல்லாத வாளை வைத்திருப்பது குற்றம்.

அப்படியென்றால் அங்கே செய்ததை இந்தியாவுக்குக் கொண்டுவர?

ஜப்பானை விட்டு வெளியேற கலாச்சார முகமையின் சான்று வேண்டும். பதிவுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த வேலையை வழக்கமாகக் கொல்லரோ முகவரோ பார்த்துக்கொள்வார். அந்தச் சான்று இந்தியச் சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆயுதச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமும் சுங்க முகவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னைக் கடற்காற்றில் துருப்பிடிக்காதா?

விட்டால் பிடிக்கும். அலகை விரலால் தொடாதீர்கள். பழைய எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்துவிட்டு, சோஜி எண்ணெயை, அதாவது வாளுக்கென்றே விற்கும் கிராம்பு எண்ணெயை, மிக மெல்லிதாகப் பூசுங்கள். ஈரக் காலத்தில் அடிக்கடி எடுத்துப் பாருங்கள். பிடிக்குள் இருக்கும் பகுதியில் வரும் துருவை மட்டும் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். கொல்லரின் பெயர் பொறித்த இடம் அது. வாளின் வயதைச் சொல்வதும் அந்தத் துருதான்.